காருக்குள் அக்ரிலிக்: ஆம்ப் கவர் முதல் ஸ்பீக்கர் வளையம் வரை

ஸ்பீக்கருக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையருக்கு (ஆம்ப்) நான் முதன்முதலில் செய்த அக்ரிலிக் கவர், மாட்டிய அன்று கண்ணாடி போல இருந்தது. ஏழெட்டு வாரம் கழித்து டிக்கியைத் திறந்தால், ஆறு ஸ்க்ரூ ஓட்டைகளில் நான்கைச் சுற்றி சிலந்தி வலை மாதிரி நூல் விரிசல். அதன் மேல் யாரும் எதையும் போடவில்லை, எதுவும் மோதவும் இல்லை. மழுங்கிய பிட்டால் துளைத்தேன். ஓட்டையை ஸ்க்ரூவின் அளவுக்கே போட்டேன். ஸ்க்ரூ கழலாமல் இருக்க மரையில் லாக் திரவம் விட்டேன். கடைசியில் பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஆல்கஹாலால் துடைத்தேன். நான்குமே தப்பு என்று அப்போது தெரியாது.

அக்ரிலிக் எதையும் உடனே காட்டிக்கொடுக்காது. வெட்டும்போது ஏறிய சூடு, மழுங்கிய கருவியின் அழுத்தம், அளவுக்கு மீறி முடுக்கிய ஸ்க்ரூ எல்லாம் ஷீட்டுக்குள் இறுக்கமாகத் தங்கிவிடும். பிறகு ஒரு கரைப்பான் பட்டாலோ, வெயிலில் நின்று கார் கொதித்தாலோ அந்த இறுக்கம் விரிசலாக வெளியே வரும். அதனால் இந்த வேலையில் பாதிக்கு மேல், இறுக்கம் சேராமல் பார்த்துக்கொள்வதுதான்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: டிக்கியில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை மேல் இரண்டு ஆம்ப், அவற்றின் மேல் ஓரத்தில் விளக்கு எரியும் அக்ரிலிக் கவர். ஸ்பீக்கர் வளையமும், பேஸ் எனும் ஆழ்ந்த ஒலியைத் தரும் சப்-வூஃபர் ஸ்பீக்கரின் பெட்டியில் வைக்கும் ஜன்னலும் இதே முறையில் வருபவை. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

எந்த ஷீட், எத்தனை மி.மீ.

பிளெக்ஸிகிளாஸ், பெர்ஸ்பெக்ஸ் என்று பல வணிகப் பெயர்களில் வந்தாலும் பொருள் ஒன்றுதான்: பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். பெயரை விட முக்கியமானது அது தயாரான விதம். அச்சில் ஊற்றி இறுகவைத்தது காஸ்ட் ஷீட். உருக்கிப் பிதுக்கி எடுத்தது எக்ஸ்ட்ரூடட் ஷீட். இரண்டாவது மலிவு, தடிமனும் எல்லா இடத்திலும் சீராக இருக்கும். ஆனால் சூட்டில் சீக்கிரம் இளகி ரவுட்டர் (வேகமாகச் சுழலும் பிட்டால் ஓரத்தை வெட்டும் கருவி) பிட்டில் பிசின் போல ஒட்டிக்கொள்ளும். கரைப்பான் பட்டால் சுலபமாக விரிசல் விடும். காருக்கு காஸ்ட் ஷீட்டையே வாங்குங்கள். வாங்கியது எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டில் லேசரால் எழுதிப் பாருங்கள். காஸ்ட் ஷீட்டில் எழுத்து பனி படிந்த வெள்ளையாக வரும், எக்ஸ்ட்ரூடட் ஷீட்டில் மங்கலாக, கிட்டத்தட்ட நிறமில்லாமல் இருக்கும்.

ஆம்ப் கவருக்கு 6 மி.மீ. போதும். அகலம் 80 செ.மீ. தாண்டினால் 8 அல்லது 10 மி.மீ. எடுப்பது நல்லது, இல்லையென்றால் நடுவில் தொய்ந்து பேஸ் அடிக்கும்போது நடுங்கும். ஓரத்தில் விளக்கு வைக்கும் ஷீட் 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதைவிட மெல்லியதில் எல்இடியின் வெளிச்சம் நிறையவே வெளியே வழிந்துவிடும்.

எங்கே வைக்கக் கூடாது

இதில் சமரசம் வேண்டாம். அக்ரிலிக் உடைந்தால் கூரான பெரிய சில்லுகளாக உடையும். ஏர்பேக் விரியும் பாதை, டாஷ்போர்டின் மேல்பரப்பு, கதவுத் தூண்கள், பயணிகளின் தலையோ முழங்காலோ மோதக்கூடிய இடம் எதிலும் அக்ரிலிக் வேண்டாம். அங்கே ஒளி ஊடுருவும் பொருள்தான் வேண்டும் என்றால் பாலிகார்பனேட் பயன்படுத்துங்கள். அது சீக்கிரம் கீறல் விழும், ஆனால் சில்லாகச் சிதறாது. டிக்கி பின் சீட்டோடு திறந்திருக்கும் கார்களில் ஆம்ப் பலகையே ஒரு மோதலில் முன்னால் பறந்து வரலாம். அந்தப் பலகையைப் பிளாஸ்டிக் உறையில் மாட்டாமல் காரின் இரும்பு உடலோடு போல்ட் போட வேண்டும். துளைக்கும் முன் அடியில் குனிந்து பெட்ரோல் டாங்கும் பிரேக் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதலில் அட்டை, பிறகு எம்டிஎஃப்

நேராக ஷீட்டில் கோடு போடாதீர்கள். டிக்கியின் எந்தப் பக்கமும் நேர்கோடாக இருக்காது. தடித்த அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். டிக்கி மூடும்போது அதன் கீல் கை எங்கே வந்து உட்காருகிறது, ஸ்டெப்னியை எடுக்க வழி இருக்கிறதா, ஆம்பின் ஒலி அளவை அமைக்கும் கெயின் திருகியும் ஃபியூஸும் கைக்கு எட்டுமா என்று அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டை சரியாக உட்கார்ந்ததும் அதை 6 மி.மீ. எம்டிஎஃப்பில் எடுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். இதுதான் டெம்ப்ளேட். டெம்ப்ளேட்டில் இருக்கும் ஒவ்வொரு மேடுபள்ளமும் அப்படியே அக்ரிலிக்கில் இறங்கும். அங்கே செலவழிக்கும் அரை மணி நேரம் பின்னால் இரண்டு மணி நேரத்தை மிச்சம் பண்ணும்.

உள்மூலைகளைக் கட்டாயம் வளைவாக வையுங்கள், 6 மி.மீ. ஆரமாவது இருக்கட்டும். கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் தொடங்கும். விமான ஜன்னல்களின் மூலை வட்டமாக இருப்பதற்கும் இதே காரணம்தான்.

வெட்டுவது

ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தையோ ஃபிலிமையோ கழற்ற வேண்டாம். அதன் மேலேயே டெம்ப்ளேட்டை வைத்து வரைந்து, கோட்டுக்கு 2 அல்லது 3 மி.மீ. வெளியே ஜிக்-சாவால் (மேலும் கீழும் ஓடும் மெல்லிய பிளேடுள்ள மின் ரம்பம்) வெட்டுங்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் அதிகமானால் பிளேடுக்குப் பின்னாலேயே அக்ரிலிக் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெட்டி முடித்த பிறகும் துண்டு பிரியாது, வேடிக்கையாக இருக்கும், அடுத்த நிமிடம் எரிச்சலாக இருக்கும். வெட்டும் கோட்டுக்குப் பக்கத்திலேயே அடியில் பலகை தாங்கியிருக்க வேண்டும், ஷீட் துள்ளக் கூடாது.

இனி ரவுட்டர். டெம்ப்ளேட்டை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தொட்டு உருளும் பேரிங் வைத்த ஃப்ளஷ் டிரிம் பிட்டால் சுற்றி வாருங்கள். வெளி ஓரத்தை மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகவும், உள்ளே வெட்டும் துவாரத்தைக் கடிகார முள் போகும் திசையிலும் சுற்ற வேண்டும். திசை மாறினால் பிட் ஷீட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். டெம்ப்ளேட் இல்லாமல் நேர்க்கோடு, பள்ளம் போடுவதற்கு ஒற்றை வெட்டு முனை கொண்ட ஓ-ஃப்ளூட் பிட் நல்லது. ஒரு தடவைக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்காதீர்கள்.

சரியாக வெட்டுகிறோமா என்பதை பிட்டிலிருந்து விழுவது சொல்லிவிடும். உப்புக்கல் மாதிரி உதிரி உதிரியாக விழுந்தால் சரி. நூல் நூலாக வந்து பிட்டில் சுற்றிக்கொண்டால் கை மெதுவாகப் போகிறது, அல்லது பிட் மழுங்கிவிட்டது. பயந்து மெதுவாகத் தள்ளுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. ஒரே இடத்தில் பிட் நின்றால் சூடு ஏறும், அந்தச் சூடு ஓரத்திலேயே இறுக்கமாகத் தங்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், மூக்குக்கும் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

லேசரில் வெட்டக் கொடுத்தால் ஓரம் தானாகவே மின்னும், வேலையும் மிச்சம். ஆனால் லேசர் வெட்டிய ஓரத்தில் இறுக்கம் நிறையவே இருக்கும். அதை ஒட்டுவதற்கு முன், துடைப்பதற்கு முன், கீழே சொல்லும் சூட்டுப் பக்குவம் செய்தாக வேண்டும்.

ஓட்டை போடுவது

இரும்புக்கான சாதாரண பிட் அக்ரிலிக்கைக் கடித்து இழுக்கும். மறுபக்கம் வெளியே வரும் நொடியில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போகும். பிளாஸ்டிக்குக்கான கூர்முனை பிட் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண பிட்டின் வெட்டு விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தட்டையாக்கிக்கொள்ளலாம், கடிக்காமல் சுரண்டும். அடியில் எம்டிஎஃப் துண்டை வைத்து கிளாம்ப் போட்டு, மெதுவான வேகத்தில், அடிக்கடி பிட்டை வெளியே எடுத்துச் சில்லைத் தட்டிவிட்டுத் துளையுங்கள்.

அளவுதான் இங்கே முக்கியம். அக்ரிலிக் ஒரு மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.07 மி.மீ. விரியும். குளிர்ந்த காலையில் 15 டிகிரி, மூடிய காரில் மதிய வெயிலில் 65 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 90 செ.மீ. ஷீட் 3 மி.மீ.க்கு மேல் நீளும். அடியில் இருக்கும் எம்டிஎஃப் அந்த அளவுக்கு நீளாது. 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 5 மி.மீ. ஓட்டை போட்டால் ஒவ்வொரு மதியமும் ஷீட் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டும். 8 மி.மீ. போடுங்கள். ஓட்டையின் விளிம்பு ஷீட்டின் ஓரத்திலிருந்து ஷீட்டின் தடிமனைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும்.

ஓரத்தைப் பளபளப்பாக்குவது

முதலில் ரவுட்டர் விட்ட வரிகளைச் சுரண்டுங்கள். ஹேக்சா பிளேடின் முதுகு இதற்கு அருமையான கருவி, நிமிர்த்திப் பிடித்து ஒரே திசையில் இழுத்தால் சுருள் சுருளாக வரும். அப்புறம் 220 நம்பர் உப்புத்தாள், மரக்கட்டையில் சுற்றி. பிறகு 400, 600, 800, 1200, 2000 என்று தண்ணீரோடு. ஒரு நம்பரைத் தாண்டிக் குதிக்க ஆசை வரும். குதித்தால் விளக்கு போட்டதும் அந்தக் கோடுகள் அத்தனையும் எரியும். கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷும் துணியும். பஃபிங் மெஷினில் பிடித்தால் ஒரே இடத்தில் அழுத்த வேண்டாம், சூடு ஏறும்.

நெருப்பு ஜ்வாலையைக் காட்டி ஓரத்தைப் பளபளப்பாக்கும் வழியும் உண்டு, சில நொடியில் கண்ணாடி போல ஆகும். ஆனால் அது மேற்பரப்பில் இறுக்கத்தை விட்டுச் செல்லும். ஜ்வாலை காட்டிய ஓரத்தைக் கரைப்பான் பசையால் ஒட்டினால் விரிசல் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். காருக்கு நான் அதைச் செய்வதில்லை.

சூட்டுப் பக்குவம்

பலரும் விட்டுவிடும் படி இது. வெட்டி, துளைத்து, தேய்த்து முடித்த துண்டை மேல்ஃபிலிமைக் கழற்றிவிட்டு, சீராகச் சூடு வரும் அடுப்புப் பெட்டியில் 80 டிகிரியில் வையுங்கள். காஸ்ட் ஷீட்டுக்கு மி.மீ.க்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு, 6 மி.மீ. ஷீட் என்றால் 6 மணி நேரம். அதைவிட முக்கியம், ஆற விடும் வேகம்: மணிக்கு 10, 15 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டினால் ஷீட் இளகி வடிவம் போய்விடும். அடுப்பின் முள்ளை நம்பாமல் தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பு வேண்டாம்.

பெரிய துண்டுக்கு அடுப்பு கிடைக்காது என்றால், கூரான பிட், தாராளமான ஓட்டை, கரைப்பானே படாத சுத்தம் என்ற மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஒட்டுவதும் வளைப்பதும்

கவருக்குப் பக்கச்சுவர் வேண்டுமென்றால் ஒட்டலாம், அல்லது வளைக்கலாம். ஒட்டுவதற்குத் தண்ணீர் போன்ற கரைப்பான் பசையைத்தான் பயன்படுத்துவார்கள். அது இடைவெளியை நிரப்பாது, இரண்டு முகங்களையும் கரைத்து ஒன்றாக்கும். அதனால் சேரும் முகம் தட்டையாக, 400 நம்பர் வரை தேய்த்ததாக இருக்க வேண்டும், பளபளப்பாக்கிய முகம் வேண்டாம். துண்டுகளை நிறுத்தி டேப் போட்டு, ஊசி பாட்டிலால் இடுக்கில் விட்டால் தானாகவே ஓடிப் பரவும். சில நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும், முழு வலு வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். இந்தப் பசைகளில் பலவற்றில் இருப்பது டைகுளோரோமீத்தேன். அதன் ஆவி உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும், சாதாரண ரப்பர் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவும். காற்றோட்டமான வெளியிடத்தில் மட்டும் செய்யுங்கள். சூப்பர் குளூவை எடுக்கவே எடுக்காதீர்கள், ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும்.

வளைக்க நீளமான ஹீட்டர் கம்பியின் மேல், கோட்டில் மட்டும் சூடு படும்படி வைத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டி, ரப்பர் போல இளகியதும் மர அச்சில் மடித்து ஆறும் வரை பிடித்திருக்க வேண்டும். குமிழி வந்தால் சூடு அதிகம், அல்லது ஷீட் ஈரம் குடித்திருக்கிறது. இளகுவதற்கு முன்பே பலம் கொடுத்து மடித்தால் என்ன ஆகும் என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும்.

எழுத்தும் வெளிச்சமும்

ஓரத்தில் நுழையும் வெளிச்சம் ஷீட்டின் இரு முகங்களிலும் பட்டுப் பட்டு உள்ளேயே ஓடும். செதுக்கிய இடத்தில் மட்டும் சிதறி வெளியே வரும். அதனால் எழுத்தை ஷீட்டின் பின்பக்கம், இடவலம் மாற்றி, அரை மி.மீ. ஆழத்துக்குச் செதுக்குங்கள். வெளிச்சம் நுழையும் ஓரம் நன்றாகப் பளபளப்பாக இருக்கட்டும், மற்ற ஓரங்களில் வெள்ளை அல்லது வெள்ளி டேப். எல்இடியிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் குறையும், 30 செ.மீ.க்கு மேல் உயரம் இருந்தால் எதிர் ஓரத்திலும் ஒரு ஸ்ட்ரிப் வையுங்கள். கீறலும் ஒரு செதுக்கல்தான் என்பது இங்கே வில்லங்கம். கையுறை இல்லாமல் தொட்ட இடம்கூட இரவில் பளிச்சென்று தெரியும்.

12 வோல்ட் என்று போட்டிருந்தாலும் என்ஜின் ஓடும்போது காரில் 14 வோல்ட் தாண்டும். மலிவான ஸ்ட்ரிப் அதில் கொதித்துச் சீக்கிரம் மங்கும். 12 வோல்ட்டில் நிறுத்தும் சிறிய ரெகுலேட்டர் போட்டு, தனி ஃபியூஸும் வையுங்கள். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரை ஆர்சிஏ ஒயர் (ஆம்புக்கு ஒலி சிக்னலைக் கொண்டுவரும் ஒயர்) பக்கம் வைத்தால் ஸ்பீக்கரில் கீச்சொலி கேட்கலாம், தள்ளி வையுங்கள்.

ஆம்புக்கு மூச்சு

அக்ரிலிக் சூட்டைக் கடத்தாது. நல்ல மூடியைச் செய்து ஆம்பை வேகவைத்தவர்கள் ஏராளம். ஆம்பில் ஏபி கிளாஸ், டி கிளாஸ் என்று வகைகள் உண்டு; 400 வாட் வெளியே கொடுக்கும் ஏபி கிளாஸ் ஆம்ப் 60 சதவீதத் திறனில் ஓடினால் 260 வாட்டுக்கு மேல் சூடாகப் போகும். அதே வெளியீட்டுக்கு 85 சதவீதத் திறனுள்ள டி கிளாஸ் 70 வாட் போலத்தான் வீணாக்கும். பாட்டு ஓடும்போது எப்போதும் முழு வலு தேவைப்படாதுதான், இருந்தாலும் ஆம்பின் முதுகுக்கும் கவருக்கும் இடையே 4, 5 செ.மீ. விடுங்கள். ஒரு பக்கம் காற்று நுழையத் துவாரம், எதிர்ப் பக்கம் 80 மி.மீ. ஃபேன் வெளியே இழுக்கும்படி. ஃபேனையும் விளக்கையும் நேராக ரிமோட் ஒயரில் (ஆம்பை ஆன் செய்யச் சொல்லும் ஒயர்) தொங்கவிடாதீர்கள். ஹெட் யூனிட்டின் (டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) அந்த வெளியீடு சிறிய மின்னோட்டத்துக்குத்தான் தாங்கும், நடுவில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வேண்டும்.

மாட்டுவது

எம்டிஎஃப் பலகைக்கு ரக்சினோ கார்ப்பெட்டோ ஒட்டுவதாக இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு நாள் காற்றில் விடுங்கள். ஒட்டும் பசையின் ஆவி அக்ரிலிக்கைத் தாக்கும். ரக்சினும் பிவிசி ஒயரும் நாளடைவில் எண்ணெய் போன்ற ஒன்றைக் கசியவிடும். அவை நேராக அக்ரிலிக்கில் படாமல் ஃபோம் டேப் போட்டுப் பிரித்து வையுங்கள், அதுவே நடுக்கச் சத்தத்தையும் நிறுத்தும்.

அடிப்பலகையில் உள்மரை உள்ள உலோக இன்சர்ட் பதித்து, தலையின் அடிப்பக்கம் தட்டையாக உள்ள ஸ்க்ரூ போடுங்கள், அடியில் நைலான் அல்லது மென்மையான சிலிக்கான் வாஷர். கூம்புத் தலை ஸ்க்ரூ வேண்டாம், அது ஆப்பு மாதிரி ஓட்டையைப் பிளக்கும். எல்லா ஸ்க்ரூவையும் விரலால் போட்டு, எதிரெதிராக இறுக்கி, வாஷர் அமுங்கியதும் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். ஷீட் மேலும் கீழும் ஆடக் கூடாது, ஆனால் பக்கவாட்டில் நகர இடம் இருக்க வேண்டும். கழலும் பயம் இருந்தால் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் கழலாத நட்). லாக் திரவம் அக்ரிலிக் பக்கமே வரக் கூடாது.

வளையமும் ஜன்னலும்

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்துக்கு 10 அல்லது 12 மி.மீ. ஷீட் எடுத்து, அடிப்பலகையில் முழுவதும் டேப்பால் ஒட்டி, ரவுட்டரின் வட்ட ஜிக்கால் (மையத்தில் ஆணி வைத்து ரவுட்டரைச் சுற்றவிடும் துணைக்கருவி) வெளி வட்டத்தை முதலில் வெட்டுங்கள். உள் வட்டத்தை முதலில் வெட்டி நடுத்துண்டு கழன்றால் மையம் தொலைந்தது. ஸ்பீக்கர் ஸ்க்ரூக்கள் அக்ரிலிக்கைப் பிடிக்கக் கூடாது, அதைத் தாண்டி மரத்தைப் பிடிக்க வேண்டும்.

சப்-வூஃபர் பெட்டியில் ஜன்னல் வைக்க, ஏ4 தாள் அளவு என்றால் குறைந்தது 12 மி.மீ., அதைவிடப் பெரியது என்றால் 18 முதல் 25 மி.மீ. உள்ளே அழுத்தம் மாறி மாறி வரும்போது மெல்லிய ஜன்னல் தானும் ஒரு ஸ்பீக்கராகிப் பேஸைத் தின்னும். பெட்டியின் விளிம்பில் படிவெட்டி, காற்று ஊடுருவாத, மூடிய அறைகள் கொண்ட ஃபோம் கேஸ்கெட் வைத்து, 75 முதல் 100 மி.மீ. இடைவெளியில் ஸ்க்ரூ போடுங்கள். ஜன்னல் வழியே தெரியும் என்பதால் பஞ்சு அடைக்க மாட்டீர்கள். பஞ்சு பெட்டியின் கொள்ளளவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், அது இல்லாததற்கு ஈடாக அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள். முழுப் பெட்டியையும் அக்ரிலிக்கில் செய்வது அழகுதான், முதல் வேலையாக வேண்டாம்.

துடைப்பது

கண்ணாடி துடைக்கும் திரவம், ஆல்கஹால், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது. இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த தண்ணீர், சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. உலர்ந்த துணியால் தேய்த்தால் தூசி கீறும், நிலைமின்சாரம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். மாட்டிய இரண்டு வாரம் கழித்து, கார் வெயிலில் நன்றாகச் சூடேறிய ஒரு மதியம், ஸ்க்ரூ ஓட்டைகளைச் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷருக்கு வெளியே மயிரிழை அளவுக்கு ஒரு கோடு தெரிந்தாலும் அந்த ஸ்க்ரூவைக் கழற்றி ஓட்டையைப் பெரிதாக்குங்கள்.